சிறுத்தை பதுங்கியதா, நழுவியதா?

கேள்வி: குடியாத்தம் பகுதியில் நிருபராக இருக்கிறேன். காட்டோரக் கிராமத்தில் இரவில் ஆடு அடிபட்ட செய்தியில் ‘சிறுத்தை ஊருக்குள் நழுவியது’ என்று எழுதினேன். ஆசிரியர் ‘பதுங்கியது’ என்று திருத்தினார். எது சரி?

பதில்: இரண்டுமே அந்த இடத்தில் உட்காரவில்லை. நழுவுவது இருக்கும் இடத்தைவிட்டுப் போவதற்கான சொல். கையிலிருந்து கிண்ணம் நழுவும். பேச்சு கடன் பக்கம் திரும்பினால் மச்சான் நழுவுவார். உள்ளே வருவதற்கு அது ஒட்டாது. விடிவதற்குள் சிறுத்தை காட்டுக்குத் திரும்பியதைச் சொல்ல ‘நழுவியது’ என்று தாராளமாக எழுதலாம்.

பதுங்குவது உடம்பின் வேலை. வயிறு தரையை உரச, தலை தாழ்ந்து, தோள்பட்டை எலும்பு மட்டும் மேலே துருத்த ஒடுங்குகிறதே, அதுதான் பதுங்கல். அதில் நகர்வு இல்லை. ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்ற பழமொழியிலும் புலி நின்ற இடத்தில்தான் இருக்கிறது. நகர்வு வேண்டுமென்றால் ‘பதுங்கிப் பதுங்கி வந்தது’ என்று எச்சமாக்கி இன்னொரு வினையைச் சேர்க்க வேண்டும். வெறுமனே ‘ஊருக்குள் பதுங்கியது’ என்றால் இன்னும் ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? செய்தியில் இது சின்னப் பிழை இல்லை.

இன்னொன்று: பதுங்கி வந்ததைப் பார்த்தது யார்? காலையில் கால்தடம் மட்டும்தான் கிடைத்தது என்றால் ‘புகுந்தது’ போதும். பார்த்ததற்கு மேல் அந்தச் சொல் எதையும் சேர்ப்பதில்லை.

‘ஊடுருவியது’ எல்லைக்கும் படைக்கும் உரியது. ‘நைசாக’ வந்தான் என்பதில் தந்திரம் இருக்கிறது; மனிதருக்கே வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பேச்சில் வரும் ‘கம்முனு வந்துட்டுப் போயிடுச்சு’ சத்தமின்மையை மட்டும் சொல்லும். ஊர்க்காரர் சொன்னதாக மேற்கோளுக்குள் போட அருமையான சொல்.

ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளில் ஒன்று ‘புடைகெடப் போகிய செலவு’. பகைவரின் ஒற்றர் உணராதபடி போவது என்று உரை சொல்லும். அங்கேயும் நகர்வுக்கு ‘செலவு’, மறைவுக்கு ‘புடைகெட’ எனத் தனித்தனிச் சொற்கள்தான். அன்றைய வட ஆற்காட்டுச் செங்கம் பகுதியில், ‘தொறு’ என்று கல்வெட்டுகள் சொல்லும் மாட்டு மந்தையை மீட்டு இறந்தவர்களுக்கு நடுகற்கள் ஏராளம். அந்த மண்ணில் நின்று இந்தத் தொடரைப் படித்தால் பொருள் கண்முன் வரும்.

உங்கள் செய்திக்கு என் வாக்கியம்: ‘நள்ளிரவில் ஊருக்குள் புகுந்த சிறுத்தை, பட்டியிலிருந்த ஆட்டை அடித்துவிட்டு விடிவதற்குள் காட்டுக்குள் நழுவியது.’