கொலை செய்தவரை அரசு கொல்வது எப்படி நியாயமாகும்?

நியாயம்தான் என்று அடித்துச் சொன்னவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட். 1797இல் அவர் ஓர் உதாரணம் தந்தார். ஒரு தீவு மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பப்போகிறார்கள். சிறையில் ஒரு கொலையாளி மிச்சம். கிளம்பும் முன் அவனைத் தூக்கிலிட்டே ஆக வேண்டும் என்கிறார் காண்ட். இனி அங்கே பயமுறுத்த யாரும் இல்லை, பாதுகாக்கவும் யாரும் இல்லை. ஆனாலும் அவன் செய்ததற்கு உரியது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் மனிதனாக அவனை மதிப்பதே தண்டனை என்பது இதன் உட்பொருள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆளில்லாத தீவில் தொங்கும் அந்த உடலால் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764இலேயே வேறு கணக்குப் போட்டார். மரணம் ஒரு நொடிக் காட்சி. ஆயுள் முழுக்க நீளும் சிறைதான் மனதில் பதியும், எனவே அதுவே அதிகம் தடுக்கும் என்றார். கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்வதையும் சுட்டிக்காட்டினார்.

சரி, இப்படி விளைவை வைத்தே சரி தவறைக் கணக்கிடும் பயன்பாட்டுவாதிகள் எல்லோரும் தூக்கின் எதிர்ப்பாளர்களா? இல்லை. அவர்களில் ஒருவரான ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தூக்கை ஆதரித்தே பேசினார். ஆயுள் முழுக்கக் கடுஞ்சிறையை விட அது குறைந்த கொடுமை என்பது அவர் வாதம். அவரே ஓர் ஆட்சேபணையை மட்டும் முழுமையாகத் தள்ளிவிட முடியாது என்று ஒப்புக்கொண்டார்: நிரபராதியைத் தூக்கிலிட்டுவிட்டால் திருத்தவே முடியாது. என்னை எதிர்ப்பக்கம் நிறுத்துவது அதுதான்.