பினாங்கு வெயிலை நம்பி உணவுத் தொழில் செய்ய முடியுமா?

பாதி நாள் மழை பெய்யும் ஊரில் சூரிய வெப்பத்தை வைத்து உணவு தயாரிக்க முடியுமா, போட்ட காசு திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னதாக ஒரு தொழில் நடக்கிறது, கேஸ் செலவு கையைக் கடிக்கிறது, யாரோ வந்து சோலாருக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதுதான் உங்கள் நிலைமை என்று வைத்துக்கொள்கிறேன்.

காயவைக்க முடியும். வெந்நீருக்கும் முடியும். பொரிக்கவும் வேகவைக்கவும் இங்கே நம்ப வேண்டாம்.

எங்கள் வீடு பட்டர்வொர்த்தில். அம்மா பல வருடமாக மோர் மிளகாயும் வடகமும் போட்டு விற்கிறார். ஆர்டர் குவிவது தீபாவளிக்கு முன்னால். பினாங்கில் மழை கொட்டுவதும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான். 2018 அக்டோபரில் பாயில் பரப்பிய மிளகாயை நாலு நாள் உள்ளேயும் வெளியேயும் தூக்கித் தூக்கி வைத்தும் காயவில்லை. ஐந்தாம் நாள் காம்புப் பக்கம் சாம்பல் பூத்திருந்தது. 30 கிலோ. துடைத்துவிட்டுப் பொரித்தால் தெரியாது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா ஒரு பிடிகூட வைத்துக்கொள்ளாமல் குப்பையில் கொட்டினார். மிளகாயில் வரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது பொரித்தாலும் போகாது என்று நான் படித்தது அதற்கு அப்புறம். அம்மாவுக்கு மூக்கே சொல்லிவிட்டது.

அடுத்த வருடம் நானும் தம்பியும் ஒரு பெட்டி அடித்தோம். கறுப்புப் பெயின்ட் பூசிய ஜிங்க் தகடு, மேலே பாலிகார்பனேட், உள்ளே வலைத் தட்டுகள். வெயில் படும் பரப்பு 2 சதுர மீட்டர். முதல் நாள் மதியமே 65 டிகிரி காட்டியது, எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் திறந்தால் மேல்தட்டு மிளகாய் நிறம் வெளுத்திருக்கிறது, கீழ்த்தட்டு வேர்த்து நனைந்திருக்கிறது. காற்று வெளியேற நாங்கள் விட்ட வாய் கையளவுதான். சூடு இருந்தது, ஈரம் போக வழியில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் காற்றாடி இரண்டைச் சின்ன சோலார் தகட்டில் இணைத்து, மேலே ஒரு குழாயும் வைத்தோம். சூடு 52க்கு இறங்கியது. மிளகாய் இரண்டரை நாளில் கலகலவென்று காய்ந்தது.

நம் ஊரில் குறை வெயிலில் இல்லை, காற்றில்தான். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 28 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். மிளகாயின் தண்ணீரை இழுப்பது அந்தக் காற்று. அது நகராமல் நின்றால் அதுவும் நிறைந்துவிடும்.

உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். 10 கிலோ பச்சை மிளகாய் காய்ந்தால் இரண்டேகால் கிலோ. மீதி ஏழே முக்கால் கிலோ தண்ணீர் ஆவியாகக் குறைந்தது 5 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். பெட்டியில் வீணாவதையும் சேர்த்தால் 17 வரை போகும். நம் பக்கம் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக நாலரை யூனிட். ஆக, 4 சதுர மீட்டருக்கு ஒரு நாள்.

திருப்பதி திருமலையில் 106 குவிகண்ணாடிகளை வைத்து நீராவி எடுத்து 15,000 பேருக்குச் சமைக்கும் ஏற்பாட்டை 2002இல் செய்தார்களே என்று சிலர் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் குவிகண்ணாடிக்கு நேராக விழும் கதிர் வேண்டும். நமக்கு வருவதில் பெரும்பங்கு மேகத்தில் பட்டுச் சிதறிய வெளிச்சம். தட்டையான கறுப்புத் தகடு அதையும் எடுத்துக்கொள்ளும், குவிகண்ணாடி எடுக்காது. பாயே போதும் என்பவர்களுக்கு: 2015, 2019இல் இந்தோனேசியக் காட்டுத்தீயால் வந்த புகைமூட்டத்தில் பாயில் என்ன படிந்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் பொறியாளர் இல்லை. பெரிய தொழிற்சாலைக்கு என் அனுபவம் பொருந்தாமல் போகலாம்.

காசு திரும்புமா? 100 லிட்டர் தண்ணீரை வெயிலிலேயே 70 டிகிரிக்குச் சூடாக்கினால் மிச்சமாவது முக்கால் கிலோ கேஸ். மானிய விலையில் கிலோ 1 வெள்ளி 90 காசு, ஆக ஏறத்தாழ ஒன்றரை வெள்ளி. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். எங்களுக்குத் திரும்பியது, கெடாமல் தப்பிய சரக்கில்.

அதையும் கடைக்காரர்கள் விழுங்கப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு எடுத்த சரக்குக்குத் தைப்பூசத்தில் காசு, விற்காததைப் பாக்கெட் பிரித்துத் திருப்பி அனுப்புவது, அம்மா போய்க் கேட்டால் "வீட்டுச் சாமான்தானே, அவசரம் என்ன?" என்று ஒரு கேள்வி. மூன்று நாள் வெயிலில் நின்றவரிடம் கேட்கிற கேள்வியா அது?

சரி, பெட்டி அடிப்பதாக இருந்தால் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிக் காற்று வெளியேறும் வாயில் வையுங்கள். முதல் நாள் மதியமே அது 70க்கு மேல் காட்டினால் வாயைப் பெரிதாக்குங்கள்.