காரைக்குடியில் முதலாண்டுப் படிப்பு: குறைந்த செலவில் தங்க இடம் பிடிப்பது எப்படி?

பையனுக்குக் காரைக்குடியில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது, கையில் பணம் அதிகமில்லை, ரூம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரூமைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரசு விடுதிக்கு முயலுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், இரண்டு பெயரிலும் விசாரியுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். பக்கத்து ஊரான கோட்டையூர்ப் பையன் காரைக்குடியில் படித்தால் இதில் அடிபட்டுப் போவான். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூரக் கணக்கு இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதி தனித் துறை, அதற்குத் தனி விண்ணப்பம்.

இதில் காரியம் கெடுவது பெரும்பாலும் வருமானச் சான்றால்தான். இ-சேவையில் போட்ட மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேசை ஏறி இறங்க வேண்டும். சேர்க்கை முடிந்தபின் ஆரம்பித்தால் விடுதி நிரம்பிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடமோ, சிவகங்கையில் உள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ கேட்கலாம்.

அது கிடைக்காவிட்டால் கல்லூரி விடுதி. அங்கே மெஸ் டிவைடிங் முறையா, மாதத்துக்கு ஒரே தொகையா என்று கேளுங்கள். டிவைடிங் என்றால் மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாள் கணக்கில் பிரிப்பார்கள். ஊருக்குப் போகும்போது முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்களைக் கணக்கில் கழிப்பார்கள். குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் கழிப்பார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

இனி ரூம். காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டில் இதற்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரிய வீடுகளில் உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீடு பார்த்துக்கொள்பவர் இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பக்கத்து இரண்டாம் பகுதியில்) ஓர் அறையைக் குறைந்த வாடகைக்கு விடுவார். விலை ஆசை காட்டும். ஆனால் அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர், வளவைச் (நடுமுற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. பங்குதாரர் ஒருவர் ஒப்புக்கொண்டதை இன்னொருவர் வந்து மறுக்கலாம். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), கல்யாணம் என்றால் குடும்பமே திரும்பி வரும், அந்த நாட்களில் உங்கள் பையன் எங்கே தூங்குவான்? அந்த அறை யார் பங்கு என்று கேட்டு, அவரிடமே போனில் பேசி, அவர் பெயரில் ரசீது வாங்குங்கள். விசேஷ நாட்களில் ரூமைக் காலி செய்யச் சொல்வார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கூரையையும் அண்ணாந்து பாருங்கள். ஜூன் மாதத்தில் எந்த வீடும் ஒழுகாது. சுவரின் மேல்பக்கத்து நீர்க்கறைதான் ஐப்பசி மழையில் நடக்கப்போவதைச் சொல்லும்.

கல்லூரிச் சாலையை ஒட்டிய ரூமுக்கு விலை கூடுதல். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் போனால் வாடகை இறங்கும். அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, பெண்களுக்கு டவுன் பஸ்ஸே இலவசம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஸ்டாண்டில் நேரிலேயே கேளுங்கள். மாலை லேப் உள்ளவனுக்கு அதுதான் முக்கியம்.

கரண்ட் பில்லில் கவனம் வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலைந்து ரூம் ஒரே மீட்டரில் ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும். பக்கத்து ரூம் ஏசிக்கு நீங்களும் சேர்த்துக் கட்டுவீர்கள். உங்கள் ரூமுக்கென்று தனியாகச் சப்-மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு என்ன விலை என்று பேசி முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

பெண் பிள்ளை தனியார் விடுதியில் தங்கினால் 2014 பெண்கள், குழந்தைகள் விடுதி ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியர் கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். முதல் செமஸ்டரில் கவுன்சிலிங் மாறி வேறு ஊர் போகிற பிள்ளைகள் நிறைய. சேரும் அன்றே சுவர், பைப், ஃபேன், பூட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று சொல்லி அட்வான்ஸில் பிடிப்பது கடினம்.