புளோரிடாவில் மர வீடா, பிளாக் வீடா?

கேள்வி: புளோரிடாவில் இருக்கும் மகன் மரச்சட்ட வீடு வாங்கப் பார்க்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. கான்கிரீட் பிளாக் வீடுதானே நல்லது?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த ஊருக்கு நானும் பிளாக் பக்கம்தான் அம்மா. கரையானுக்கும் ஈரத்துக்கும் அதுதான் தாங்கும், ஆனால் பிளாக் குழிக்குள் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பி, சுவர் உச்சியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். அப்புறம், அங்கே பிளாக் வீட்டுக்கும் கூரை பெரும்பாலும் மரம்தான். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஏராளமான வீடுகளில் கூரைதான் பிய்த்துக்கொண்டு போனது, அதன் பிறகுதான் விதிகளை இறுக்கி 2002-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி கொண்டுவந்தார்கள். எந்த வீடானாலும் சரி, கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஏறி டார்ச் அடித்து, கூரைச் சட்டம் ஒவ்வொன்றையும் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கலிபோர்னியா என்றால் மரம்தான் என்றிருப்பேன், நிலநடுக்கத்தில் அது வளைந்து கொடுக்கும்.