மங்கிப்போகும் பில்களுக்கு

புறக்கோட்டைக் கடையின் கொள்முதல் பில்கள் வெளிறிவிட்டன, படங்களும் வாட்ஸ்அப்பில் மட்டுமே, இறைவரித் திணைக்களத்துக்கு என்ன காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த பில்கள் அச்சாகும் தெர்மல் தாளில் மை இல்லை, வெப்பத்தில் கறுக்கும் பூச்சுத்தான். கொழும்பு வெக்கை, செலோடேப், பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு எதிரி. ஆகவே பில் கைக்கு வந்த அன்றே போனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, பொடி எழுத்தில் உள்ள பில் இலக்கம் வாசிக்க வராது, ஆவணமாக அனுப்புங்கள்.

கோப்புப் பெயர்: 2025-04-17, வழங்குநர், பில் இலக்கம், தொகை. ஆண்டு முதலில் வந்தால்தான் தானாக வரிசைப்படும். கோப்புறையை ஜனவரியில் தொடங்காதீர்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். நம் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கிளவுட்டில். மாதமொருமுறை பிரதியிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

ஏற்கெனவே அழிந்தவற்றுக்கு வழங்குநரிடம் இப்போதே இரண்டாம் பிரதி கேளுங்கள், வரி அறிக்கை கொடுக்கும் கடைசி நாளான நவம்பர் 30 வரை இழுக்காமல். வங்கிக் கூற்று பணம் போனதைக் காட்டும், என்ன வாங்கினீர்கள் என்பதைக் காட்டாது. ஸ்கேன் இருக்கிறதென்று மூலத்தாளை வீசிவிடவும் வேண்டாம்.