ஊர்த் தண்ணீர் பல்லைக் கெடுத்தது, பேஸ்ட்டும் கெடுக்குமா?

கேள்வி: நான் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். போர் தண்ணீர் குடித்தே வளர்ந்ததால் முன்பற்களில் பழுப்புக் கறை. கல்யாணமாகி இப்போது கோவையில் இருக்கிறேன். மகளுக்கு இரண்டரை வயது, மேல் முன்பற்கள் நான்கிலும் சொத்தை. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் தேய்க்கச் சொல்கிறார் டாக்டர், ஃபுளோரைடு வார்னிஷும் பூச வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பற்களைக் கெடுத்ததே ஃபுளோரைடுதானே? மகனுக்கு ஏழு வயது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரும் அம்மா வீட்டுக்குப் போவார்கள். மாமியாருக்கு 68, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ஈறு இறங்கிப் பல்லின் வேரோரம் கறுத்து வருகிறது. நான் மூன்று மாதக் கர்ப்பம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேஸ்ட் போதுமா? ஃபுளோரைடே இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அது பேஸ்ட்டின் மேல் போவதைவிடத் தண்ணீரின் மேல் போக வேண்டும். உங்கள் பல்லைக் கறையாக்கியது நீங்கள் விழுங்கிய ஃபுளோரைடு. மகளின் பல்லைக் காப்பாற்றப்போவது பல்லின் மேல் படும் ஃபுளோரைடு. பொருள் ஒன்றுதான், போகிற வழி வேறு, அளவும் வேறு.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல, பல் மருத்துவமே அதில் சில காலம் திண்டாடியது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901-ல் தொழில் தொடங்கிய மெக்கே என்ற பல் மருத்துவர், உள்ளூர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் பிறகு அவருக்குப் புலப்பட்டது. காரணம் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என்று 1931-ல்தான் தெரிந்தது. கறை விழாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் அளவைக் கணக்கிட்டு, 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் முதன்முதலாகக் கலந்தார்கள். இன்று அந்த நாட்டில் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்.

நம் பக்கத்துக் கதை நேர் எதிர். இங்கே யாரும் கலக்கவில்லை, பாறையே கலந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழமான போர்வெல்லில் அந்தப் பாறையோடு நெடுநாள் கிடந்த நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. பல்லோடு போனால் பரவாயில்லை, அளவு மிகுந்து பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் இந்த எலும்பு நோயை 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சிறு பிள்ளைகளுக்கு எல்லா வழியிலும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராம் என்பதைச் சுற்றி ஃபுளோரைடு இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் மகள் 12 கிலோ என்றால் 0.6 மில்லிகிராம். ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரைக் குடித்து, சோறும் பருப்பும் அதிலேயே வெந்து, நாளுக்கு ஒரு லிட்டர் உள்ளே போனால் 2 மில்லிகிராம். ஓர் அரிசி அளவு பேஸ்ட் ஏறக்குறைய 0.1 கிராம் இருக்கும். 1000 பிபிஎம் (கிலோவுக்கு 1000 மில்லிகிராம்) பேஸ்ட்டானால் அதில் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. காலை, இரவு இரண்டு வேளையும் துப்பாமல் அப்படியே விழுங்கினாலும் 0.2-தான். போர் தண்ணீரில் போவதில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு வளைத்து வளைத்துப் பிதுக்கினால் அது ஒரு கிராமுக்கு வந்துவிடும். இனிப்பாக இருக்கிறதென்று குழந்தை இரண்டு வேளையும் விழுங்கினால் அதுவும் 2 மில்லிகிராம், போர் தண்ணீருக்குச் சமம்! பேஸ்ட்டைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். மூன்று வயது வரை அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. டியூப் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். 100 கிராம் டியூப்பில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம் ஒரே தடவையில் உள்ளே போனாலே ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். எட்டாத உயரத்தில் வையுங்கள். நிறைய தின்றுவிட்டால் பால் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

கறை விழுவதற்கும் ஒரு காலம் உண்டு. தாடைக்குள் பல்லின் கடினமான மேலோடான எனாமல் உருவாகும் வயதில் அதிக ஃபுளோரைடு ரத்தத்தில் ஓடினால்தான் கறை. மேல் முன் நிலைப்பற்களுக்கு முதல் மூன்று வயதே முக்கியமான கட்டம். எட்டு வயதுக்குமேல் ஞானப் பல் தவிர மற்றவற்றின் எனாமல் முடிந்துவிடும், பிறகு எவ்வளவு போனாலும் பல்லில் புதுக் கறை விழாது. (எலும்புக்கு இந்தச் சலுகை இல்லை.) ஆகவே உங்கள் வீட்டில் இப்போது கறைக்கு முக்கியமாக ஆளாகக்கூடியவர்கள் மகளும் பிறக்கப்போகும் குழந்தையும்தான்.

மகளின் மேல் முன்பற்கள் நான்கிலும் சொத்தை என்று படித்ததுமே எனக்குத் தோன்றியது பால் புட்டி. இரவில் சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் சப்பிக்கொண்டே தூங்கும் குழந்தைகளுக்கு இப்படித்தான் வரும். கீழ்ப் பற்களை நாக்கும் எச்சிலும் காத்துவிடும், மேல் பற்கள் மாட்டிக்கொள்ளும். பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். புட்டி என்றால் அதில் வெறும் தண்ணீர். இரண்டு மூன்று நாள் அழுவாள், அப்புறம் பழகிவிடும். "பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்று பாட்டிமார் சொல்வார்கள். முன்பற்கள் விழ ஆறு, ஏழு வயதாகும். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வரை இருக்க வேண்டியவை. சொத்தை அங்கே பரவிவிட்டால் வலியும் சீழுமாகப் பிள்ளை சாப்பிடாது, அடியில் வரும் நிலைப்பல்லின் இடமும் போய்விடும்.

வார்னிஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் 22,600 பிபிஎம் ஃபுளோரைடு என்று படித்தால் யாருக்கும் பதறும். பூசுவதோ சில சொட்டு. கால் மில்லி என்று வைத்தாலும் ஐந்தரை மில்லிகிராம் சொச்சம். அது பல்லோடு ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளியே வரும். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவைதான். தயங்காமல் பூசுங்கள். அன்று முறுக்கு, சூடான பால் மட்டும் வேண்டாம்.

சொத்தை ஆழமாகாமல் நிறுத்த, சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்தையும் டாக்டர் சொல்லக்கூடும். ஊசி, டிரில் எதுவும் இல்லாமல் தொட்டு வைப்பதோடு சரி. ஒரு குறை, சொத்தை இருந்த இடம் கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். முன்பல் என்பதால் போட்டோவில் தெரியும். இரண்டரை வயதுக் குழந்தையை மயக்கம் கொடுத்துப் பல் அடைப்பதைவிட அந்தக் கறுப்பு மேல் என்பது என் கருத்து. வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், பிறகு சண்டை வேண்டாம்.

மகனுக்கு ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். எந்தப் பால் பல்லும் விழாமல் வருவதால் பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயுசுக்கும் அதுதான். அதன் மேல் பள்ளங்களில் பிரஷ் முடி நுழையாது, அதனால் சீலன்ட் பூசி அடைத்துவிடச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் அடுத்தது முளைக்கும்போதும் இதே வேலை உண்டு. அவனுக்குப் பெரியவர்கள் பேஸ்ட்டே போதும், பட்டாணி அளவு. எட்டு வயது வரை இரவு வேளையில் பிரஷ் உங்கள் கையில் இருக்கட்டும்.

கோடை விடுமுறைக்கு வருவோம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான். அம்மா வீட்டுக்கு அந்த ஆற்று நீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துணி துவைக்க. வராவிட்டால் ஆர்.ஓ. ஃபுளோரைடில் பெரும்பகுதியை நீக்கிவிடும். சாதாரண கேண்டில் ஃபில்டர் நீக்காது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும். தண்ணீரை நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது, ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

மகனின் முன்பற்களின் எனாமல் முடிந்துவிட்டதால் இரண்டு மாதப் போர் தண்ணீர் அவன் சிரிப்பைக் கெடுக்காது. மகள் விஷயத்தில்தான் கவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஃபுளோரைடு பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவுக்கும் தொடர்பு தெரிவதாக ஓரளவு உறுதியுடன் சொன்னது. 0.7 அளவில் அப்படிச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. இதுவும் போர் தண்ணீரை நிறுத்த இன்னொரு காரணம், பேஸ்ட்டை நிறுத்த அல்ல.

உங்களுக்கு இப்போது மசக்கை வாந்தி இருந்தால், எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள். வயிற்று அமிலம் எனாமலை இளக்கியிருக்கும் நேரத்தில் பிரஷ் பட்டால் தேய்ந்து போகும். ஒரு டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாமல் நான்கு முதல் ஆறாம் மாதத்துக்குள் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வயிற்றுக் குழந்தையின் பல்லுக்கென்று ஃபுளோரைடு மாத்திரை எதுவும் தேவையில்லை. பிறந்தபின் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், பால் பவுடர் கரைக்க நேர்ந்தால் மட்டும் போர் தண்ணீரைத் தொடாதீர்கள்.

மாமியாரைக் கடைசியில் வைத்தேனே தவிர, வீட்டில் ஃபுளோரைடு அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். எனாமல் கரையத் தொடங்க வாயின் பிஎச் (அமில அளவுகோல்; எண் இறங்க இறங்க அமிலம் அதிகம்) 5.5-க்கு இறங்க வேண்டும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரில் எனாமல் இல்லை, 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். அதோடு பிரஷர் மாத்திரைகளில் சில எச்சிலைக் குறைத்துவிடும், சர்க்கரையும் வாயை உலர்த்தும். அவர் விரலால் சிவப்புப் பல்பொடி தேய்ப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அந்தச் சொரசொரப்பு வேரை அறுத்துவிடும். மென்மையான பிரஷ், 1000 பிபிஎம் பேஸ்ட். நம் நாட்டில் கடைப் பேஸ்ட்டுக்கு உச்ச வரம்பே அவ்வளவுதான், டியூப்பில் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். "மூலிகை" என்று எழுதியிருப்பவற்றில் பல ஃபுளோரைடு இல்லாதவை. மதியம் ஒரு வேளை ஃபுளோரைடு மவுத்வாஷ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ். கறுத்த இடங்களில் அந்த சில்வர் மருந்தையும் வைக்கலாம், வேரோரம் என்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. வாய் உலர்கிறதென்று மிட்டாய் சப்புவது, அடிக்கடி இனிப்புக் காபி குடிப்பது இரண்டும் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறும் தேறாது.

பெரியவர்கள் எல்லோருக்கும் இன்னொன்று. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், கொப்பளிக்க வேண்டாம். எட்டு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால்தான் நமக்குப் பல் தேய்த்த திருப்தி வரும், தெரியும். ஆனால் அதோடு பேஸ்ட்டின் ஃபுளோரைடும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. இரவிலாவது விடுங்கள்.

உங்கள் கறை போக எலுமிச்சை, உப்பு, கரித்தூள் என்று எதையும் தேய்க்காதீர்கள். மேலோட்டமான பழுப்பை மைக்ரோ அப்ரேஷன் முறையில் டாக்டரே சுரண்டி எடுக்கலாம். ஆழமானால் பிளீச்சிங், அதற்கும் மசியாவிட்டால் பல்நிறப் பூச்சு. கறைப் பல்லில் சொத்தை வராது என்று நம்பியிருந்துவிடாதீர்கள். குழி குழியாக உதிர்ந்த பல்லில் உணவு தங்கிச் சொத்தை வரும், ஆகவே உங்களுக்கும் அதே 1000 பிபிஎம் பேஸ்ட்தான். அழகு வேலைகள் அவசரமில்லை, பிளீச்சிங்கைப் பிரசவம் முடிந்து, பால் கொடுப்பதையும் நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம்.