பிரைமரியில் கூட்டம் அலைமோதினால் நவம்பரில் ஜெயித்துவிடலாமா?

"எங்கள் கவுண்டியில் இந்த முறை பிரைமரி ஓட்டுப்பதிவு இதுவரை இல்லாத அளவு. அப்படியானால் எங்கள் வேட்பாளருக்கு மக்கள் ஆதரவு பெருகிவிட்டது, நவம்பரில் வெற்றி உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவில் பிரைமரி என்பது நவம்பர் பொதுத்தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்சியும் ஓட்டுப் போடவைத்து முடிவு செய்யும் முன்தேர்தல், கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. நீங்கள் எந்த மாநிலம், எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியில் இருக்கும் வேகத்தைப் பார்த்தால், சமீபத்தில் குடியுரிமை வாங்கி, பிடித்த வேட்பாளருக்கு முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்த கையோடு கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். 2008இல் நான் அப்படித்தான் இருந்தேன். அந்த வருஷம் மார்ச்சில் எனக்கு இருந்த நம்பிக்கையும் நவம்பரில் பட்ட வலியும் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் குடியிருக்கிறேன். 2007இல் குடியுரிமை கிடைத்தது. 2008 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, டெக்ஸாஸ் பிரைமரி. டெக்ஸாஸில் கட்சி வாரியாகப் பதிவு செய்யும் வழக்கம் கிடையாது. வாக்குச்சாவடிக்குப் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். அன்று என் வாக்காளர் அட்டையில் அந்தக் கட்சியின் பெயரை முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிய ஜனநாயகக் கட்சிக்கு ஒரு விசேஷ ஏற்பாடு இருந்தது. பகலில் ஓட்டு, இரவில் அதே இடத்தில் காகஸ், அதாவது நேரில் கூடி யாருக்கு ஆதரவு என்று எழுதிக் கொடுக்கும் கூட்டம். ஊர்க்காரர்கள் 'டெக்ஸாஸ் டூ-ஸ்டெப்' என்பார்கள். கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளான டெலிகேட்டுகள் மொத்தம் 193 பேரில், 126 பேர் பகல் ஓட்டை வைத்தும், 67 பேர் இரவுக் காகஸை வைத்தும் பிரிக்கப்படுவார்கள். பகலில் ஓட்டுப் போட்டவர்கள்தான் இரவில் வரலாம்.

எங்கள் பிரசிங்க்டுக்கு, அதாவது எங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்கு, காகஸ் நடந்தது ஒரு தொடக்கப்பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். சின்னப் பிள்ளைகளுக்கான குட்டை மேஜைகள், முழங்கால் உயரப் பெஞ்சுகள். முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று எண்ணி ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்தது முந்நூறுக்கும் மேல். வரிசை கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வளைந்து தெருவுக்கே போய்விட்டது. கையெழுத்துப் போடும் படிவங்கள் அரை மணியில் தீர்ந்து போயின. யாரோ ஒரு டீச்சர் மஞ்சள் நிற நோட்டு அட்டைகளைக் கொண்டுவந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். பெயர், முகவரி, யாருக்கு ஆதரவு. மூன்றே கட்டம். என் முன்னால் நின்றவர் எழுபது வயதுக்கு மேலான கறுப்பினப் பெண்மணி. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு கூட்டத்துக்கு வருவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்றார். ஒபாமா என்று எழுதும்போது ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினார். எண்ணி முடிக்க இரவு பத்தரை ஆனது. ஒருத்தரும் நகரவில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் மதுரையில் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர் அவர். "டெக்ஸாஸ் நமக்குத்தான் பெரியப்பா, நவம்பரில் பாருங்கள்" என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கூட்டம் ஆளுக்கு வந்துச்சா, போட்டிக்கு வந்துச்சாடா?" அப்போது அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கா வேறு, நம் ஊர் வேறு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பிரைமரியில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 28.7 லட்சம். குடியரசுக் கட்சிப் பக்கம் 13.6 லட்சம்தான். ஒபாமா ஒருவருக்கு விழுந்த ஓட்டே குடியரசுக் கட்சி முழுவதற்கும் விழுந்ததற்கு ஏறக்குறையச் சமம். ஹிலாரிக்கு அதைவிடக் கூடுதல். பகல் ஓட்டில் அவர்தான் முதலிடம், காகஸில் ஒபாமா, மொத்த டெலிகேட்டில் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94. இதையெல்லாம் பார்த்த எவனும் குடியரசுக் கட்சியின் கோட்டையான டெக்ஸாஸ் நிறம் மாறுகிறது என்றுதான் நினைப்பான். நவம்பரில் குடியரசுக் கட்சியின் மெக்கெயின் 55 சதவீதம் வாங்கினார், ஒபாமா 44ஐத் தொடவில்லை. வித்தியாசம் ஒன்பதரை லட்சம் ஓட்டு.

எங்கே தப்பு நடந்தது? மார்ச்சில் இரண்டு கட்சிக்கும் சேர்த்து வந்தவர்கள் சுமார் 42 லட்சம். நவம்பரில் வந்தவர்கள் 80 லட்சத்துக்கு மேல். அதாவது மார்ச்சில் வீட்டில் இருந்த இன்னொரு பாதி டெக்ஸாஸ் என் கண்ணில் படவே இல்லை. அவர்கள் ஏன் வரவில்லை? மெக்கெயின்மேல் வெறுப்பு என்றா? இல்லை. அவரோடு போட்டியிட்ட ராம்னி பிப்ரவரி 7இலேயே விலகிவிட்டார். அந்தப் பக்கம் வேட்பாளர் யார் என்பது ஏறக்குறைய முடிந்த கதை. முடிந்த போட்டிக்கு யார் வேலையை விட்டுவிட்டு வருவார்கள்? இந்தப் பக்கமோ இரண்டு பேரும் சமபலத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு ஓட்டுக்கும் விலை இருந்தது.

அது மட்டுமில்லை. பகலில் வரிசையில் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்ல மனிதர், புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்கு முதலில் ஓடி வந்தவர். பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஹிலாரிக்கு ஓட்டுப் போட வந்தேன் என்றார், மறைக்காமல். ஹிலாரிக்கும் ஒபாமாவுக்கும் நடக்கும் சண்டை நீளட்டும் என்று குடியரசுக் கட்சி ஆதரவுப் பேச்சாளர் ரஷ் லிம்பா வானொலியில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இப்படி வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் யாரும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடக்கூடிய ஓப்பன் பிரைமரி நடக்கும் மாநிலத்தில் 28 லட்சம் என்ற எண்ணுக்குள் அவரும் ஒருவர். நான் அவரையும் எங்கள் அலையில் ஒரு துளியாக எண்ணிவிட்டேன்.

இந்த இடத்தில் யாராவது வந்து, "ஒபாமா நாடு முழுக்க ஜெயித்தாரே, பிரைமரிக் கூட்டம் சரியாகத்தானே சொன்னது?" என்பார்கள். தெரியும். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். அதே 2008 பிப்ரவரி 12இல் வர்ஜீனியா பிரைமரி. ஜனநாயகக் கட்சிப் பக்கம் 9.8 லட்சம், அந்தப் பக்கம் 4.9 லட்சம். டெக்ஸாஸைப் போலவே இரண்டுக்கு ஒன்று. வர்ஜீனியாவில் நவம்பரில் ஒபாமா ஜெயித்தார், 1964க்குப் பிறகு அந்தக் கட்சிக்கு முதல் தடவை. விகிதம் ஒன்றே, முடிவு நேர் எதிர். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே மாதிரி பொருள் சொல்லும் எண் அது இல்லை.

பழைய கதையும் உண்டு. 1988இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிகளில் ஏறக்குறைய 2.3 கோடிப் பேர், எதிர்ப்பக்கம் 1.2 கோடி. நவம்பரில் அந்த எதிர்ப்பக்கத்து அப்பா புஷ் 40 மாநிலங்களை அள்ளினார்.

இன்னொன்று, ஓட்டுப்பதிவு சாதனை என்றால் அது யாருடைய சாதனை? 2020இல் நியூ ஹாம்ப்ஷையரில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் வந்தார்கள், அங்கே அதுவரை இல்லாத கூட்டம். முதலில் வந்த சாண்டர்ஸுக்குக் கிடைத்தது 26 சதவீதம்கூட இல்லை. பைடன் ஐந்தாவது இடம், 8 சதவீதத்துச் சொச்சம், ஒரு டெலிகேட்கூட இல்லை. அந்த இரவில் அவர் கதை முடிந்தது என்று எழுதாதவர்கள் குறைவு. மூன்று வாரத்துக்குள் தென் கரோலினாவில் ஏறக்குறைய 49 சதவீதம் வாங்கினார், நவம்பரில் ஜனாதிபதி. அப்புறம் அதே வருஷம் வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரி ஓட்டு முந்தைய தடவையின் 7.8 லட்சத்திலிருந்து 13 லட்சமாக ஏறியதைப் பைடன் அலை என்று கொண்டாடினார்கள். அலை கொஞ்சம் இருந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சி பிரைமரியே நடத்தவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களில் கொஞ்சம் பேருக்கு அன்று போக இருந்த ஒரே கதவு இதுதான்.

விலகிப் போன வேட்பாளருக்கு விழும் ஓட்டு இன்னும் ஆபத்தானது. குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி 2024 மார்ச் 6இல் விலகினார். ஏப்ரல் 23இல் பென்சில்வேனியாவில் அவருக்கு 16 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு, அதுவும் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும் போடக்கூடிய குளோஸ்டு பிரைமரியில். டிரம்புக்கு வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு என்றார்கள். நவம்பரில் அந்த மாநிலத்தை டிரம்ப் சுமார் 1.2 லட்சம் ஓட்டில் எடுத்தார்.

இதனால் பிரைமரி எண்ணிக்கை குப்பை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் அந்தப் பாட்டியம்மா ஒவ்வோர் எழுத்தாக எழுதியதை நானே அவமதித்த மாதிரி. யார் வந்தார்கள் என்பது நிறையச் சொல்லும். முன்பு எந்தப் பிரைமரிக்கும் வராதவர்கள் எத்தனை பேர், இளைஞர்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியில் இருந்து என்று பாருங்கள். யார் எந்தப் பிரைமரியில் ஓட்டுப் போட்டார் என்ற பட்டியல் டெக்ஸாஸில் பொது ஆவணம், கவுண்டியில் கேட்டால் கிடைக்கும். யாருக்குப் போட்டார் என்பது இருக்காது, வந்தாரா என்பது இருக்கும். எங்கள் ஃபோர்ட் பெண்டில் 2008 நவம்பரில் மெக்கெயின் கொஞ்சம் வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். 2016இல் கவுண்டி ஹிலாரி பக்கம் போனது. அந்தப் பள்ளிக்கூடத்து இரவு பொய்யில்லை. மாநிலம் முழுவதையும் அதை வைத்து அளந்ததுதான் என் தப்பு.



2018இல் எனக்கு நேர் எதிர்ப்பாடம் கிடைத்தது. மார்ச் 6 பிரைமரியில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸுக்கு 13 லட்சம் ஓட்டு. நவம்பரில் அவரை எதிர்க்க ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நின்ற பீட்டோ ஓ'ரூர்க்குக்கு அதில் பாதிகூட இல்லை, ஆறரை லட்சத்துக்குள். பீட்டோவுக்கு மவுசு இல்லை, வேலைக்கு ஆகாது என்று என்னுடன் தன்னார்வலர்களாக இருந்தவர்களே ஒதுங்கினார்கள். 2008 எனக்கு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தது: மார்ச் எண்ணில் நவம்பர் ஆட்கள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே கையில் பட்டியலை எடுத்துக்கொண்டு, பிரைமரிக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வராதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் 22ஆவது தொகுதியில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதே கட்சியில் நின்ற பிரெஸ்டன் குல்கர்னியின் குழு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் போன் செய்தது. தமிழ்ப் பெயராகப் பட்ட எண்களை நான் எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒரு வீடு. திருநெல்வேலிக்கார அம்மா, மகன் வீட்டில் இருக்கிறார், குடியுரிமை வாங்கி ஒன்பது வருஷம். பிரைமரி என்பது கட்சி உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒரு தடவையும் போனதில்லை. பொதுத்தேர்தலுக்கும் மகன் ஊரில் இருந்தால்தான் போவாராம். என்னை உட்காரவைத்து, சுக்குக் காப்பி கொடுத்து, "இங்க்லீஷ்ல ஏதாச்சும் கேட்டா என்ன தம்பி சொல்றது?" என்றார். ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ காட்டினால் போதும் என்றேன். இரண்டு தடவை திரும்பக் கேட்டுக்கொண்டார்.

பீட்டோ தோற்றார், குல்கர்னியும் தோற்றார். ஆனால் மார்ச்சில் இரண்டு மடங்குக்கு மேல் முன்னால் இருந்த குரூஸுக்கு நவம்பரில் கிடைத்த வித்தியாசம் 2.6 சதவீதம்தான். பீட்டோவுக்கு விழுந்த ஓட்டு 40 லட்சத்துக்கு மேல். முந்நூறு பேர் தெருவில் நின்ற அந்த 2008 நவம்பரில் ஒபாமாவுக்கு மாநிலம் முழுக்க விழுந்ததைவிட அது அதிகம்.

உங்கள் கவுண்டியில் சாதனை என்றால் முதலில் இதைப் பாருங்கள்: எதிர்க்கட்சியில் இந்த வருஷம் போட்டி இருந்ததா? ஷெரீஃப், நீதிபதி என்று உள்ளூர்ப் போட்டி ஏதாவது ஆளை இழுத்ததா? போன தடவை எந்தத் தேதி, எந்த விதி? அப்புறம் அந்தப் பட்டியலை வாங்குங்கள். அதில் இல்லாத பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள்.

அந்த 2018இல், தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போடும் ஏர்லி வோட்டிங் முதல் வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அந்தத் திருநெல்வேலிக்கார அம்மா போன் செய்தார். மகன் வெளியூர் போயிருக்கிறானாம், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நூலகத்தில் வரிசையில் நிற்கிறாராம். முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள், கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் இடம் போய்விடுமா என்று கேட்டார்.